எண்பதைத் தாண்டியவருக்கும் அந்த ஊசி உண்டு

டர்பனில் சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரு வீட்டில் எண்பத்திரண்டு வயது ஆயாவுக்குத் திடீரென்று வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, வலது கை துவண்டு விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆம்புலன்ஸைக் கூப்பிடலாமா என்று பேசிக்கொண்டிருக்கும்போதே யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "இந்த வயசுல போட்டுப் படுத்த வேண்டாம், விடுங்க." பாசத்தில் சொல்வதுதான். சில நேரம் மருத்துவமனையிலும் இதே பேச்சு வேறு சொற்களில் காதில் விழும். வயதாகிவிட்டதால் பக்கவாதத்துக்கு வைத்தியம் இல்லை, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியும் போட மாட்டார்கள் என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக ஊறிப்போயிருக்கிறது. அது தவறு. அது எங்கிருந்து வந்தது, ஏன் தவறு, டர்பனில் இருக்கும் ஒரு குடும்பம் அந்த முதல் சில மணி நேரத்தில் என்ன செய்ய முடியும் என்பதை விளக்கத்தான் இதை எழுதுகிறேன்.

பக்கவாதம் இரண்டு வகை. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயை உறைந்த ரத்தக்கட்டி அடைத்துக்கொள்வது ஒன்று. குழாய் வெடித்து மூளைக்குள் ரத்தம் கசிவது இன்னொன்று. முதல் வகைதான் அதிகம். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். வாய் கோணும், கை கால் விழும், பேச்சு குழறும். எந்த அனுபவசாலி டாக்டரும் முகத்தைப் பார்த்து இது அடைப்பா கசிவா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்கு சி.டி. ஸ்கேன் வேண்டும். ஒன்றுக்குத் தரும் மருந்து மற்றொன்றில் உயிரையே எடுத்துவிடும் என்பதால், ஸ்கேன் எடுக்காமல் சிகிச்சை தொடங்க முடியாது. பெரிய குழாய் ஒன்று அடைத்துக்கொண்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்பது ஒரு கணக்கு. ஸ்கேன் இருக்கும் இடத்துக்கு எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேர்கிறோம் என்பதுதான் முதல் கேள்வி.

அடைப்பு என்று தெரிந்தால் கட்டியைக் கரைக்கும் ஊசி உண்டு. பெயர் அல்டிப்ளேஸ். நோயாளியின் எடையைப் பார்த்து, கிலோவுக்கு 0.9 மில்லிகிராம், மொத்தம் 90-க்கு மேல் போகாமல் கணக்கிடுவார்கள். அதில் பத்தில் ஒரு பங்கை ஒரு நிமிடத்தில் ரத்தக்குழாயில் செலுத்திவிட்டு, மீதியை ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறக்குவார்கள். (ஆயாவின் எடை வீட்டில் யாருக்காவது தெரிந்திருந்தால் அங்கே அது உதவும். படுக்கையில் கிடப்பவரை எடை மெஷினில் நிறுத்த முடியாது.) டெனெக்டிப்ளேஸ் என்ற புதிய மருந்தை ஒரே ஊசியாகப் போட்டுவிடலாம். இந்த வைத்தியம் பலன் தரும் என்று 1995-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. அப்போது மூன்று மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்றார்கள். 2008-ல் ஐரோப்பிய ஆய்வு ஒன்று அதை நாலரை மணி நேரமாக நீட்டியது.

எண்பது என்ற கோடு அந்த 2008 ஆய்வில் இருந்தது. வயதானவர்களின் மூளைக் குழாய்கள் நொய்ந்துபோயிருக்கும், ஊசி போட்டால் ரத்தம் கசியும் என்ற பயத்தில் 80-ஐத் தாண்டியவர்களை அதில் சேர்க்கவே இல்லை. ஐரோப்பாவில் மருந்துக்குக் கிடைத்த அனுமதியிலும் பல ஆண்டுகள் அந்த வரம்பு இருந்தது. சோதித்துப் பார்த்து, பலன் இல்லை என்று கண்டு போட்ட கோடு அல்ல அது. சோதிக்காமலேயே போட்டது. அப்புறம் அதுவே ஒரு பழக்கமாகி, "எண்பதுக்கு மேல் போட மாட்டார்கள்" என்று உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

2012-ல் வெளிவந்த ஐ.எஸ்.டி-3 என்ற ஆய்வு இதை நேராகவே எடுத்துக்கொண்டது. அதில் சேர்ந்த 3,035 பேரில் 1,617 பேர் எண்பதைத் தாண்டியவர்கள். இரண்டு ஆண்டு கழித்து, ஒன்பது ஆய்வுகளில் இருந்த 6,756 நோயாளிகளின் விவரங்களை ஒன்றாகக் கூட்டிப் பார்த்தார்கள். மூன்று மணி நேரத்துக்குள் ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு 33 பேர் ஊனம் எதுவும் பெரிதாக இல்லாமல் தேறினார்கள். போடாதவர்களில் 23 பேர். மூன்றிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் என்றால் போட்டவர்களில் 35 பேர், போடாதவர்களில் 30 பேர். வயது கூடினாலும் ஊசியின் பலன் விகிதம் குறையவில்லை. நேரம் கூடியபோதுதான் குறைந்தது.

ஆபத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே ஆய்வில், ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய ஏழு பேருக்கு மூளைக்குள் பெரிய ரத்தக்கசிவு ஏற்பட்டது. போடாதவர்களில் ஒன்றுக்குச் சற்று மேல். அந்தக் கசிவில் ஒரு வாரத்துக்குள் உயிரிழந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேருக்குச் சற்றுக் குறைவு. வயதானவர் பொதுவாகவே இளையவரைவிடக் குறைவாகத்தான் தேறுவார் என்பதும் உண்மை. ஆனால் எண்பத்திரண்டு வயதுக்காரரை ஐம்பது வயதுக்காரரோடு ஒப்பிட்டு என்ன பயன்? ஊசி போட்டுக்கொண்ட எண்பத்திரண்டு வயதுக்காரரையும் போடாமல் விட்ட எண்பத்திரண்டு வயதுக்காரரையும்தான் ஒப்பிட வேண்டும். அப்படிப் பார்த்தால் ஊசியின் பக்கம்தான் தராசு சாய்கிறது.

வயதுக்குப் பதிலாக டாக்டர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, போன வாரம் வரை அவர் எப்படி இருந்தார் என்பது. தானே குளித்தாரா, தானே சமைத்தாரா, வெள்ளிக்கிழமை கோவிலுக்கு நடந்து போனாரா, பேரன் பேத்தி பெயர் நினைவிருந்ததா? அவசரப் பிரிவில் ஸ்ட்ரெச்சரில் வாய் பேசாமல் கிடக்கும் ஒரு கிழவியைப் பார்த்தால், அவர் பல வருடமாக இப்படித்தான் கிடக்கிறார் என்று நினைத்துவிடுவது மிகச் சுலபம். "நேத்து சாயங்காலம் தோட்டத்துல கறிவேப்பிலை பறிச்சுக்கிட்டிருந்தாங்க டாக்டர்" என்று கூட வந்தவர் ஒருவர் சொன்னால் அந்தப் படமே மாறிவிடும். இதைச் சொல்ல வேண்டிய பொறுப்பு குடும்பத்துடையது. யாராவது கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

அடுத்தது நேரம். "எப்போது விழுந்தார்" என்பதைவிட "கடைசியாக எப்போது நன்றாக இருந்ததைப் பார்த்தீர்கள்" என்பதுதான் கணக்கு. காலை ஆறு மணிக்கு ஆயா படுக்கையில் கை கால் அசையாமல் கிடந்தால், கடிகாரம் ஆறு மணியில் தொடங்காது. இரவு பத்து மணிக்கு "படுக்கப் போறேன்" என்று சொன்னாரே, அங்கே தொடங்கும். நடுவில் மூன்று மணிக்கு எழுந்து கழிப்பறைக்குப் போனதை யாராவது பார்த்திருந்தால் அது பொன்னான தகவல். தூங்கி எழும்போது தெரியவந்த பக்கவாதத்துக்கும் எம்.ஆர்.ஐ. அல்லது விசேஷ ஸ்கேன் வழியாக இன்னும் காப்பாற்றக்கூடிய மூளைப் பகுதி இருக்கிறதா என்று பார்த்து முடிவெடுக்கும் முறை வந்துவிட்டது. பெரிய குழாய் அடைத்திருந்தால், தொடையிலோ மணிக்கட்டிலோ இருக்கும் தமனி வழியாக மெல்லிய குழாயை மூளை வரை அனுப்பிக் கட்டியை இழுத்தெடுக்கும் முறையும் உண்டு. 2015-ல் அடுத்தடுத்து வந்த ஐந்து ஆய்வுகள் இதை நிரூபித்தன. 80-ஐத் தாண்டியவர்களிலும் பலன் தெரிந்தது. 2018-ல் வந்த ஆய்வுகள், தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட இதைச் செய்யலாம் என்று காட்டின. தென்னாப்பிரிக்காவில் இதைச் செய்யும் இடங்கள் குறைவு. பெரும்பாலும் பெரிய தனியார் மருத்துவமனைகளும் சில உயர்நிலை அரசு மருத்துவமனைகளும்தான்.

சரி, டர்பனில் வழி எப்படி? அரசு ஆம்புலன்ஸுக்கு 10177, கைப்பேசியிலிருந்து 112. மெடிக்கல் எய்டு (தனியார் மருத்துவக் காப்பீடு) இருந்தால் அந்த அட்டையிலேயே ஆம்புலன்ஸ் எண் இருக்கும். ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றால், அருகில் எது இருக்கிறதோ அங்கே என்று காரில் கிளம்பிவிடாமல், "சி.டி. ஸ்கேன் இப்போது ஓடுகிறதா, பக்கவாத ஊசி போடுகிறீர்களா" என்று ஒருவர் போன் போட்டுக் கேட்கட்டும், அதற்குள் மற்றவர் ஆயாவை வண்டியில் ஏற்றட்டும். சாட்ஸ்வர்த் மக்களுக்கு ஆர்.கே. கான், ஃபீனிக்ஸ் மக்களுக்கு மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனை. கேட்டோ மேனரில் 2002-ல் திறந்த இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி மத்திய மருத்துவமனையில் மூளை நரம்பு நிபுணர்கள் இருக்கிறார்கள். ஆனால் அங்கே நேராகப் போய் நிற்க முடியாது, வேறு மருத்துவமனை அனுப்ப வேண்டும். இன்று எண்பதுகளில் இருக்கும் நம் பெரியவர்களில் பலர் இளவயதில் கேட்டோ மேனரிலும் மேகஸின் பராக்ஸிலும் வாழ்ந்தவர்கள். இனவாரிக் குடியிருப்புச் சட்டம் அவர்களை அங்கிருந்து பெயர்த்துச் சாட்ஸ்வர்த்துக்குக் கொண்டுவந்தது. இழந்த அந்த மண்ணில் நிற்கும் மருத்துவமனைக்கு இப்போது ஒரு கடிதத்தோடுதான் போக முடிகிறது. அந்தக் கடிதத்தைச் சீக்கிரம் எழுதச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை.

கேட்பதற்குச் சட்டமும் துணை இருக்கிறது. நாட்டின் அரசியலமைப்பில் 27ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவு, அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது என்கிறது. இதன் பொருள் என்ன என்று அரசியலமைப்பு நீதிமன்றம் முதலில் ஆராய்ந்த வழக்கே நம் டர்பனிலிருந்து போனதுதான். தியாகராஜ் சுப்ரமணி, வயது 41, வேலை இல்லாதவர், நீரிழிவுக்காரர். 1996-ல் பக்கவாதம் வந்தது. அதே ஆண்டு சிறுநீரகங்களும் செயலிழந்தன. தனியாரிடம் டயாலிசிஸ் செய்து செய்து பணம் தீர்ந்தது. அடிங்டன் மருத்துவமனையில் இடம் கேட்டார், கிடைக்கவில்லை. 1997 நவம்பரில் நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தொடர்ந்து செய்ய வேண்டிய டயாலிசிஸ் "அவசர சிகிச்சை" ஆகாது என்றது. சில நாட்களிலேயே அவர் இறந்துபோனார். அந்தத் தீர்ப்பை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. ஆனால் அதே தீர்ப்பு இன்னொன்றையும் சொல்லியிருக்கிறது: திடீரென்று ஆபத்துக்கு உள்ளாகி உடனே சிகிச்சை தேவைப்படும் ஒருவருக்கு, இருக்கும் ஆம்புலன்ஸ் உதவியை மறுக்கக் கூடாது, சிகிச்சை தரும் வசதியுள்ள மருத்துவமனை அவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. புதிதாக வந்த பக்கவாதம் அந்த வரையறைக்குள் அப்படியே பொருந்துகிறது. அந்த வரியில் வயது வரம்பு எதுவும் இல்லை. மெடிக்கல் எய்டு உள்ளவர்களுக்கு 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, எந்தத் திட்டத்தில் இருந்தாலும் அவசர நிலைக்கான செலவை அந்த நிதியம் ஏற்க வேண்டும்.

வீட்டில் செய்யக் கூடாதவை இரண்டு. டிஸ்பிரின் (ஆஸ்பிரின் மாத்திரை) கரைத்துக் கொடுப்பது, சர்க்கரைத் தண்ணீர் புகட்டுவது. இரண்டும் இந்த ஊரில் கை தானாகச் செய்யும் வேலைகள். டிஸ்பிரின் மாரடைப்புக்கு உதவும் என்று எங்கோ கேட்டிருப்போம். ஆனால் வந்திருப்பது ரத்தக்கசிவாக இருந்தால் அது கசிவைக் கூட்டிவிடும். சர்க்கரைத் தண்ணீரில் வேறு ஆபத்து: பக்கவாதம் வந்தவருக்குத் தொண்டைத் தசைகளும் செயலிழந்திருக்கலாம், விழுங்குவது வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போகும். நீரிழிவுக்காரருக்குச் சர்க்கரை மிகவும் இறங்கினாலும் பக்கவாதம் போலவே தோன்றும் என்பது உண்மைதான். அதனால் வீட்டில் மெஷின் இருந்தால் விரலில் குத்திப் பாருங்கள், எண்ணைக் குறித்துக்கொண்டு ஆம்புலன்ஸ்காரரிடம் சொல்லுங்கள். பிரஷர் ஏறியிருக்கிறதே என்று கூடுதல் மாத்திரையும் தர வேண்டாம். அடைப்பு ஏற்பட்ட மூளை, மிச்சமிருக்கும் ரத்த ஓட்டத்துக்காகத்தான் பிரஷரை ஏற்றி வைத்திருக்கிறது. ஊசி போடுவதாக இருந்தால் 185/110-க்குக் கீழே இறக்குவார்கள். ஊசி இல்லையென்றால் 220/120 வரைகூடப் பெரும்பாலும் விட்டுவைப்பார்கள். கசிவு என்றால் கணக்கே வேறு, சீக்கிரம் 140 அளவுக்குக் கொண்டுவருவார்கள். இதெல்லாம் ஸ்கேனுக்குப் பிறகு எடுக்க வேண்டிய முடிவு.

எடுத்துப்போக வேண்டியது மாத்திரைப் பை. கிளினிக்கில் மாதாமாதம் வாங்கும் எல்லா மாத்திரையும் அதில் இருக்கட்டும். வார்ஃபரின் போன்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவரா, கடைசி மாத்திரை எப்போது என்பது தெரியாமல் கட்டி கரைக்கும் ஊசியைப் போட முடியாது. கசிவு என்றாலும் அதே தகவல்தான் உயிர் காக்கும். அந்த மாத்திரையின் விளைவை முறிக்கும் மருந்துகள் உண்டு.

வயதானவர்களில் பக்கவாதம் எப்போதும் பாடப்புத்தகப்படி வருவதில்லை. காலையிலிருந்து ஏதோ உளறுகிறார், சிறுநீர்த் தொற்றாக இருக்கும் என்று விட்டுவிடுவோம். கீழே விழுந்தார், இடுப்பு எலும்பு முறிந்ததா என்றுதான் பார்ப்போம், விழுந்ததற்கே பக்கவாதம் காரணமாக இருந்திருக்கும். நம் பெரியவர்கள் விஷயத்தில் மொழியும் ஒரு சிக்கல். வாழ்நாள் முழுக்க வெளியே ஆங்கிலம், வீட்டில் தாயோடு தமிழ் என்று வளர்ந்தவர், நர்ஸ் ஆங்கிலத்தில் கேட்பதற்குத் தமிழில் இரண்டு சொல் முனகினால், குழப்பத்தில் இருக்கிறார் என்று குறித்துவிடுவார்கள். பேச்சு போனது எந்த மொழியில் எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும். "ஆயாவுக்குத் தமிழும் தெரியும்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பேச்சுப் பயிற்சியாளர் சோதிக்கும்போது தமிழ் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து, "ஆயா, கண்ணை மூடுங்க, இடது கையைத் தூக்குங்க" என்று சொல்லிப் பார்க்கட்டும்.

ஊசியும் குழாய் வைத்தியமும் கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். கிடைக்காதவர்களுக்கும் நிறையச் செய்ய முடியும் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பக்கவாதத்துக்கென்றே பயிற்சி பெற்ற நர்ஸ்களும் பிசியோதெரபிஸ்டுகளும் சேர்ந்து பார்த்துக்கொள்ளும் தனி வார்டு, மரணத்தையும் ஊனத்தையும் குறைக்கிறது; எல்லா வயதினருக்கும் குறைக்கிறது. அந்த வார்டில் மந்திரம் எதுவும் இல்லை. நோயாளியை நிமிர்த்தி உட்காரவைத்து ஒரு தேக்கரண்டித் தண்ணீர் தருவார்கள். இருமுகிறாரா, தண்ணீர் உதட்டோரம் வழிகிறதா, விழுங்கிய பிறகு "ஆ" என்று சொல்லச் சொன்னால் குரல் ஈரமாகக் களகளக்கிறதா என்று கவனிப்பார்கள். அப்படி இருந்தால் வாய்வழி எதுவும் கிடையாது. இந்த ஒரு சோதனை தவறினால், கஞ்சி நுரையீரலுக்குள் போய் நிமோனியா வந்து, பக்கவாதத்தில் பிழைத்தவர் அதில் போய்விடுவார். பார்க்க வருகிறவர்கள் கோவில் பிரசாதம் கொண்டுவருவது நம் வழக்கம். திருநீறு நெற்றியில் பூசுங்கள்; நர்ஸைக் கேட்காமல் வாயில் எதையும் இடாதீர்கள், ஒரு துளி தீர்த்தம்கூட.

எழுப்பி நடக்கவைக்கும் அவசரமும் நமக்கு உண்டு. 2015-ல் 2,104 பேரை வைத்து நடந்த ஆய்வில், முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே அடிக்கடி எழுப்பி நிற்கவைத்தவர்கள் வழக்கமான முறையில் பார்க்கப்பட்டவர்களைவிடச் சற்று மோசமாகவே தேறினார்கள். முதல் நாள் பொறுமை வேண்டும். அதற்காக வாரக்கணக்கில் படுக்கப்போடவும் கூடாது. இரவில் பெரியவர்கள் மருத்துவமனையில் மிரண்டுபோய்க் குழம்புவது சகஜம். மூக்குக்கண்ணாடியும் காது மெஷினும் பல்செட்டும் வீட்டு அலமாரியில் இருந்தால் அந்தக் குழப்பம் இரட்டிப்பாகும். கொண்டுபோய்க் கொடுங்கள்.

எல்லாம் செய்தாலும் தேறாத பக்கவாதம் உண்டு. மூளையின் பாதி வீங்கும் அளவுக்குப் பெரிய அடைப்பு வந்தால், மண்டையோட்டின் ஒரு பகுதியைத் திறந்து அழுத்தத்தைக் குறைக்கும் அறுவை இருக்கிறது. அறுபதைத் தாண்டியவர்களிடம் இதைச் சோதித்த ஆய்வு 2014-ல் வந்தது. உயிர் பிழைத்தவர்கள் கூடினார்கள். ஆனால் பிறர் துணையின்றி வாழும் நிலைக்கு ஒருவரும் திரும்பவில்லை. இங்கே "வேண்டாம்" என்று ஒரு குடும்பம் முடிவெடுத்தால் அது கைவிடுதல் ஆகாது. ஆயா என்ன விரும்பியிருப்பார் என்பதைக் கேட்டு, வலியில்லாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம். இந்தப் பேச்சுக்கு உரிய நேரம் முதல் மணி அல்ல. ஸ்கேன் எடுத்து, என்ன நடந்திருக்கிறது என்று தெரிந்து, ஓரிரு நாள் பார்த்த பிறகு வருவது அது. பல வீடுகளில் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். அங்கேதான் காப்பாற்றக்கூடியவரையும் இழக்கிறோம்.

வீடு திரும்பும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: இதயத் துடிப்பு ஒழுங்காக இருக்கிறதா? இதயத்தின் மேலறைகள் சீராகத் துடிக்காமல் நடுங்கினால் அங்கே ரத்தம் தேங்கிக் கட்டியாகி மூளைக்குப் போகும். எண்பதுகளில் இருப்பவர்களுக்கு வரும் பக்கவாதத்தில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு இதுதான் காரணம் என்று அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வு கண்டது. இவர்களுக்கு ஆஸ்பிரின் போதாது, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை வேண்டும். 75-ஐத் தாண்டிய 973 பேரை வைத்து 2007-ல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வில், வார்ஃபரின் எடுத்தவர்களில் ஆண்டுக்கு நூற்றில் 1.8 பேருக்குத்தான் பக்கவாதமோ அதற்கு இணையான பாதிப்போ வந்தது. ஆஸ்பிரின் எடுத்தவர்களில் 3.8 பேர். பெரிய ரத்தப்போக்கு இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். "வயசானவங்க, விழுந்துட்டா ரத்தம் நிக்காதே" என்று பயந்து அந்த மாத்திரையை நிறுத்திவிடுவது நடக்கிறது. கனடா ஆய்வாளர்கள் இதைக் கணக்குப் போட்டார்கள்: வார்ஃபரினின் நன்மையைத் தீமை மிஞ்ச வேண்டுமானால் ஒருவர் வருடத்துக்கு 295 தடவை விழ வேண்டும். இப்போது வார்ஃபரினைவிடக் கையாளச் சுலபமான மாத்திரைகளும் வந்திருக்கின்றன. சிறுநீரகத்தின் நிலையைப் பார்த்து டாக்டர் தேர்ந்தெடுப்பார்.

ஆயாவைக் குளிப்பாட்டவும் ஊட்டவும் முழுநேரமும் ஒருவர் தேவை என்ற நிலை வந்தால், முதியோர் உதவித்தொகை வாங்குபவருக்கு அதோடு கூடுதலாகப் பராமரிப்பு உதவித்தொகை ஒன்றைச் சாசா (அரசின் சமூகப் பாதுகாப்பு உதவித்தொகைகளை வழங்கும் அமைப்பு) அலுவலகம் தருகிறது. அதற்கு மருத்துவரின் சான்று வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகும் நாளிலேயே அதை எழுதி வாங்கிவிடுவது நல்லது.